ஷிப்ட் ரிப்போர்ட்டை யாராவது படிக்கிறார்களா?

காவல் பொறுப்புக்காகப் புதிதாக ஒரு சைட்டைக் கையில் எடுக்கும்போது, காவலர்கள் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுகிற, கேட்டில் இருக்கும் லாக் புக்கைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். பத்துப் பக்கம் போதும். அங்கே காவல் எப்படி நடக்கிறது என்று பிடிபட்டுவிடும். இரவு 10.00, 11.00, 12.00 என்று முழு மணிக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் ‘ரவுண்ட்ஸ் முடிந்தது, எல்லாம் சரி’. ஒரே பேனா, ஒரே சாய்வு, அழுத்தம்கூட மாறவில்லை. அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வருவதற்குச் சற்று முன்னால் காவலர் உட்கார்ந்து, இரவு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்திருக்கிறார். உண்மையாகச் சுற்றி வந்தவரின் புத்தகத்தில் 11.07 இருக்கும், 12.20 இருக்கும். 1 மணி ரவுண்ட்ஸ் தள்ளிப்போயிருந்தால், ஏன் தள்ளிப்போனது என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்தக் காவலரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதால் ஒன்றும் ஆகாது. அதே பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துக் கட்டத்தையும் பாருங்கள். காலியாக இருக்கும், இல்லையென்றால் ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே நாளில் போடப்பட்டிருக்கும். எழுதுவதைப் படிக்க ஆளில்லை என்பது காவலருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் கட்டத்தை நிரப்புகிறார், அவ்வளவுதான். ரிப்போர்ட் கெட்டுப்போன சைட் எதை எடுத்தாலும், எழுதுகிறவரிடம் அந்தக் கேடு தொடங்கியதை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில், படிக்க வேண்டியவரிடம்தான் தொடங்கியிருக்கிறது.

நம் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்த இரவில் காலையில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. திருட்டு இல்லை, தீ இல்லை, தகராறு இல்லை. கிளையண்ட் அதைப் பார்த்து, ‘சும்மா உட்கார்ந்திருக்கவா சம்பளம்?’ என்று கேட்கிறார். பூட்டாமல் விட்ட ஜன்னலை யார் சாத்தியது, அணையாமல் கிடந்த ஹீட்டரை யார் அணைத்தது, கேட் பாஸ் இல்லாமல் வந்த வண்டியை யார் திருப்பி அனுப்பியது என்பதெல்லாம் எழுதினால்தான் உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தையில் நிறுவனத்தின் பக்கம் பேச இதைவிடப் பலமான காகிதம் வேறில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு லாக் புக் இருக்கிறது. 1972 ஜூன் 17, வாஷிங்டனில் உள்ள வாட்டர்கேட் கட்டடம். இரவு டூட்டியில் இருந்தவர் பிராங்க் வில்ஸ், வயது 24. ரவுண்ட்ஸில் ஒரு கதவின் தாழ்ப்பாள் விழாதபடி டேப் ஒட்டியிருப்பதைக் கண்டார். வேலையாட்கள் யாரோ ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டார். அடுத்த முறை வந்தபோது அதே இடத்தில் மறுபடியும் டேப். உடனே போலீசுக்கு போன். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்திருந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய விவகாரம் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனின் ராஜினாமாவில் போய் முடிந்தது. கதவில் டேப் இருந்ததையும் போலீசை அழைப்பதையும் 1.47 என்று நேரம் போட்டு வில்ஸ் எழுதிய அந்தப் பக்கம் இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முதல் டேப்பைப் பார்த்தபோது அது வெறும் டேப். இரண்டாவதைப் பார்த்தபோதுதான் அதற்கு அர்த்தம் வந்தது. வில்ஸுக்கு இரண்டும் ஒரே ஷிப்டில் கண்ணில் பட்டன. நம் சைட்டுகளில் முதல் டேப்பை இரவுக் காவலரும் இரண்டாவதைப் பகல் காவலரும் பார்ப்பார்கள். ஒருவர் எழுதி மற்றவர் படித்தால் ஒழிய இரண்டும் சேரவே சேராது.

எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு கிடங்கில் அப்படித்தான் சேர்ந்தது. ஓர் இரவு, மின் அறைப் பக்கம் லேசாகக் கருகல் வாடை என்று ஒரு காவலர் எழுதியிருந்தார். தேடிப் பார்த்ததில் எதுவும் தென்படவில்லை, வாடையும் போய்விட்டது என்று அவரே கீழே சேர்த்திருந்தார். வேறு ஒரு நாள் வேறு ஒருவர், அதே பக்கத்து விளக்கு விட்டு விட்டு எரிவதாக எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சில்லறை விஷயம். வாரத்து ரிப்போர்ட்டுகளை ஒன்றாக வைத்துப் படித்த சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பேனலைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு இணைப்பு தளர்ந்து, ஒயரின் உறை உருகத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு காவலர்களும் நேரில் பேசிக்கொண்டதே கிடையாது.

தினசரி ரிப்போர்ட்டையும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏதாவது நடந்தால் எழுதுவது இன்சிடென்ட் ரிப்போர்ட். எதுவுமே நடக்காத நாளிலும் எழுத வேண்டியது தினசரி ரிப்போர்ட்: யார் யார் டூட்டியில் இருந்தார்கள், எந்தச் சாவி யாரிடம் போனது, எந்த விளக்கு எரியவில்லை, யார் நேரம் கடந்து வந்து போனார்கள். ஏதாவது நடந்துவிட்டால் தினசரி ரிப்போர்ட்டில் நேரத்தோடு ஒரு வரி, விவரத்துக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட்டின் எண். அது போதும்.

எப்படி எழுதுவது என்று பயிற்சியில் நான் அதிகம் விளக்குவதில்லை. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் படித்துக் காட்டுவேன். முதலாவது: ‘இரவு குடிபோதையில் ஒருவர் வந்து தகராறு செய்தார், அனுப்பிவிட்டேன்.’ இரண்டாவது: ‘23.35. கேட் 2. சுமார் 40 வயது ஆண், நீலச் சட்டை. நடை தள்ளாடியது, மது வாடை அடித்தது. உள்ளே விடச் சொல்லி மூன்று முறை சத்தம் போட்டார். அனுமதி இல்லை என்றேன். 23.50க்கு மேற்குப் பக்கமாக நடந்து போனார். கண்ட்ரோல் ரூமுக்கு 23.52க்குச் சொன்னேன்.’ முதல் பதிவில் இருப்பது காவலரின் முடிவு. இரண்டாவதில் அவர் கண்டதும் கேட்டதும் முகர்ந்ததும் செய்ததும் இருக்கின்றன. நாளைக்கே அந்த ஆள் நோயாளி என்று தெரியவந்தாலும் இரண்டாவது பதிவில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. முதலாவதை எழுதியவர் பதில் சொல்லித் தவிப்பார்.

எழுதியதில் பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை பூசக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, நடுவில் வெற்று வரி விடக் கூடாது. வழக்கு என்று வந்தால், ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தந்த நேரத்தில் எழுதி வைத்ததற்குத்தான் மதிப்பு அதிகம். அதில் மை பூசிய ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பொருள் காணாமல் போனால் முதலில் கை நீட்டப்படுவது இரவுக் காவலரை நோக்கித்தான். அந்த நேரத்தில் அவருக்காகப் பேச அங்கே வேறு யாரும் இருப்பதில்லை. நேரம் போட்டு அவர் எழுதி வைத்த வரிகள் பேசும். இதை நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நிறுவனத்தின் நன்மையைச் சொல்லும்போது தலையாட்டுகிறவர்கள் இதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்போது ரவுண்ட்ஸ் பாதையில் டேக் வைத்து, போனைக் காட்டினால் நேரம் பதிவாகும் ஆப்கள் வந்துவிட்டன. நல்லதுதான், முழு மணிக் கற்பனைகள் அதோடு ஒழியும். ஆனால் கருவி தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனில் உள்ள கார்ட்னர் அருங்காட்சியகத்தில், போலீஸ் உடையில் வந்தவர்கள் இரண்டு காவலர்களைக் கட்டிப்போட்டுவிட்டு 13 கலைப்பொருட்களைக் கொண்டுபோனார்கள். அசைவு உணரிகளின் பதிவு கணினியில் தங்கியதால், அவர்கள் எந்த அறையில் எப்போது நடமாடினார்கள் என்பதுகூடத் தெரியும். யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை, பொருட்களும் திரும்பவில்லை. டேக்கைத் தொட்ட நேரத்தை ஆப் சொல்லிவிடும். அங்கே கருகல் வாடை அடித்ததை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஆப் வாங்கிய கையோடு எழுதும் கட்டத்தை எடுத்துவிடும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எழுதுவது எல்லாக் காவலருக்கும் எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 12 மணி நேரம் நின்றவர் அவர். அவருக்கு வராத மொழியில் எழுதச் சொன்னால் ‘எல்லாம் சரி’ தவிர வேறென்ன எழுதுவார்? தெரிந்த மொழியில் எழுதட்டும். முடியாதவர் குரல் பதிவாக அனுப்பட்டும். அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடமாவது இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும், அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் தர வேண்டும். ரிலீவர் முந்தின ஷிப்டின் பக்கத்தைப் படித்து, சாவிகளை எண்ணி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழையவர் கிளம்பலாம். ‘சாவி சரி’ என்று எழுதினால் போதாது. எத்தனை சாவி, எந்த எண் என்று இருக்க வேண்டும்.

நிறுவனம் நடத்துகிறவர்கள் நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். ஏதாவது ஒரு சைட்டின் நேற்றிரவு ரிப்போர்ட்டை எடுங்கள். ‘எல்லாம் சரி’யில் சேராத ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: பின்பக்க விளக்கு எரியவில்லை என்றோ, மதில் ஓரம் புதர் மண்டிக்கிடக்கிறது என்றோ இருக்கும். எழுதிய காவலரை நீங்களே கூப்பிட்டு, ‘விளக்கைப் பற்றி எழுதியிருந்தீர்களே, இன்று மதியம் ஆள் வந்து மாற்றுகிறார்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி ஆள் போகட்டும். அடுத்த வாரம் அதே சைட்டின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.