பனியாறு ஏன் நீலம், படத்தில் ஏன் சாம்பல்?

பெரித்தோ மொரேனோ பனியாற்றைப் பார்த்ததும் முதல் வேலையாக நாலைந்து படம் எடுத்தேன். என் கணவர் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நேர்ல கண்ணு கூசுது, இதுல என்னம்மா சாம்பல் பூசின மாதிரி இருக்கு?" என்றார். சரியான கேள்வி. பனியைப் படம் எடுக்கிற எல்லோருக்கும் முதல் நாள் இதுதான் நடக்கும்.

இந்தப் பனியாறு அர்ஜென்டினாவின் தெற்கே, பட்டகோனியாவில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்து அர்ஜென்டினோ ஏரியில் முடிகிறது. ஏரியைத் தொடும் முகப்பு ஒரு பனிச்சுவர்; அதன் அகலம் சுமார் 5 கிலோமீட்டர், தண்ணீருக்கு மேலே தெரியும் உயரம் சுமார் 60 மீட்டர்.

கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது பனியா கரும்பாறையா என்று தெரியாது. எந்தக் காட்சியையும் சராசரியில் நடுத்தரச் சாம்பலாக, அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருளாக எடுத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. புதுப்பனியோ 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அதனால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே விடும் ஒளியின் அளவை, நாமே 1 முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி) கூட்டிக்கொண்டால் போதும், வெள்ளை நிறம் வெள்ளையாகவே வரும்.

நீலத்தின் கதை இதைவிட ஆழமானது. புதிதாக விழுந்த பனியில் படிகங்களுக்கு நடுவே நிறைய காற்று இருக்கிறது, உள்ளே நுழைந்த ஒளி கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே அங்கும் இங்கும் சிதறி எல்லா நிறத்தோடும் வெளியே வந்துவிடுவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் மேலே மேலே பனி விழுந்து அமுக்க, காற்று பிதுங்கி வெளியேறி, மிச்சமும் சிறு குமிழிகளாகச் சுருங்கி, கெட்டியான பனிக்கட்டியாக மாறுகிறது. இப்போது ஒளி அதற்குள் பல மீட்டர் பயணம் செய்ய முடியும். போகிற வழியில் நீர் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வு சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் வெளியே வருவது நீலம். வானத்தின் பிரதிபலிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது இல்லை. மேகம் மூடிய நாளில்தான் இந்த நீலம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு அறையிலேயே இருந்துவிடாதீர்கள்!

இங்கேயும் கேமரா குறுக்கே வரும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அந்த நீலத்தைப் பிழை என்று நினைத்துத் துடைத்துவிடும். அதைப் பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அளவு. அங்கே தூசியில்லாத காற்றில் தூரத்து மலைகூட மங்காமல் தெரிகிறது, பனியின் மேல் மரமோ வீடோ கிடையாது, அதனால் மூளைக்கு ஒப்பிட எதுவுமே இல்லை. படத்தில் 60 மீட்டர் சுவர் 6 மீட்டர் போலத் தெரியும். இரண்டு பேராகப் போவதன் பெரிய வசதி இதில்தான். என் கணவர் சிவப்பு ஜாக்கெட்டோடு கீழே உள்ள நடைபாதைக்கு இறங்கிப் போனார், நான் மேலிருந்து எடுத்தேன். சுவருக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்ததும் அந்தப் பிரம்மாண்டம் படத்துக்குள் வந்துவிட்டது.

பனி உடைந்து விழுவதை எடுப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். சத்தம் கேட்டுத் திரும்பினால் தாமதம்தான். 400 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேரவே 1 வினாடிக்கு மேல் ஆகும், உச்சியிலிருந்து ஒரு துண்டு தண்ணீரைத் தொடுவதற்கோ மூன்றரை வினாடிதான். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கு முகப்பு முழுவதும் தெரியாது. அதனால் என் கணவர் வெறும் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சின்னச் சின்னத் துண்டுகள் உதிரத் தொடங்கியதும் என் தோளைத் தட்டி "இடது பக்கம், இடது பக்கம்!" என்றார்.

எனக்குக் கிடைத்த படத்தில், விழுந்துகொண்டிருக்கும் துண்டுக்குப் பின்னால் அப்போதுதான் வெளியே தெரிந்த சுவர் இருக்கிறது. வெயில் படப் பட மேற்பரப்பில் நுண்விரிசல்கள் விழுந்து வெளுத்துப்போகும், இதில் இன்னும் வெயிலே படவில்லை. அவ்வளவு அடர்த்தியான நீலம்.