பவர்ஷெல் மாட்யூல்: எங்கே நிறுவுகிறோம், யாருக்காக நிறுவுகிறோம்?

விண்டோஸில் கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் பவர்ஷெல்லில் 'இன்ஸ்டால்-மாட்யூல்' என்று அடித்து, கேட்ட கேள்விக்கு 'ஒய்' தட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். முடியாத நாளில்தான் மண்டை காயும். மாட்யூல் என்பது கூடுதல் கட்டளைகள் அடங்கிய ஒரு கோப்புறை, அவ்வளவுதான். பவர்ஷெல் தேடிப் பார்க்கும் இடங்களில் ஒன்றில் அந்தக் கோப்புறையை வைப்பதற்குப் பெயர்தான் நிறுவுவது. எந்த ஷெல்லுக்கு (பவர்ஷெல் பதிப்புக்கு), எந்தக் கணக்குக்கு, எந்த இடத்தில் வைத்தோம் என்று தெரிந்துகொண்டால் பிற்பாடு வரும் தொல்லைகள் பெரும்பாலும் வராது.

முதலில் ஷெல். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருவது பவர்ஷெல் 5.1. பவர்ஷெல் 7-ஐ நாம்தான் தனியாக நிறுவ வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தாலும் மாட்யூல் வைக்கும் இடம் வேறு வேறு. நம் கணக்குக்கு மட்டும் நிறுவினால், 5.1 அதை டாக்குமென்ட்ஸ் உள்ளே 'விண்டோஸ்பவர்ஷெல்' கோப்புறையிலும், 7 அதை 'பவர்ஷெல்' கோப்புறையிலும் வைக்கும். அதனால் 5.1-இல் நம் கணக்குக்கு நிறுவியதை 7 கண்டுகொள்ளாது. "நேற்று நிறுவினேன், இன்று காணோம்" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 'பிஎஸ்வெர்ஷன்டேபிள்' மாறியைத் திறந்தால் எந்த ஷெல்லில் இருக்கிறோம் என்பதும், 'பிஎஸ்மாட்யூல்பாத்' சூழல் மாறியைப் பார்த்தால் அது தேடும் இடங்களும் தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. 5.1-உடன் வரும், மாட்யூல்களை இறக்கி நிறுவும் கருவியான பழைய பவர்ஷெல்கெட் (1.0.0.1), ஸ்கோப் (யாருக்காக என்பது) எதுவும் சொல்லாவிட்டால் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவப் பார்க்கும், அட்மின் உரிமை இல்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும். உடனே பலரும் அட்மினாகத் திறந்து அதே கட்டளையை மறுபடி ஓட்டுகிறார்கள். வேண்டாம். '-ஸ்கோப் கரண்ட்யூசர்' என்று சேர்த்தால் போதும், அட்மினே தேவைப்படாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரவு 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். பகலில் நம் கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடும். இரவில் மட்டும் அந்தக் கட்டளையையே அடையாளம் தெரியவில்லை என்று பிழை பதிவாகும். ஸ்கிரிப்டில் தவறு இல்லை. டாஸ்க் விண்டோஸின் சொந்தக் கணக்கான 'சிஸ்டம்' கணக்கில் ஓடுகிறது. மாட்யூலோ நம் டாக்குமென்ட்ஸில் கிடக்கிறது. இப்படிப்பட்ட வேலைக்கு '-ஸ்கோப் ஆல்யூசர்ஸ்'தான் சரி. அட்மினாகத் திறக்க வேண்டிய இடமும் இதுதான்.

டாக்குமென்ட்ஸ் கோப்புறை ஒன்டிரைவுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் மாட்யூல்களும் மேகத்துக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் ஒத்திசையும்போது, மாட்யூலை பவர்ஷெல்லுக்குள் ஏற்றுவது மந்தமாகும். சில கோப்புகள் கணினியில் இல்லாமலும் போகலாம்.

பழைய கணினியில் "அனேபிள் டு ரிசால்வ் பேக்கேஜ் சோர்ஸ்" என்று வந்தால் இணைய இணைப்பைக் குறை சொல்லாதீர்கள். மாட்யூல்கள் இறங்கும் இணையக் கிடங்கான பவர்ஷெல் கேலரி, இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் 2020 ஏப்ரலில் கைவிட்டது. திறந்திருக்கும் பவர்ஷெல் அமர்வில் 'சர்வீஸ்பாயிண்ட்மேனேஜர்' வகுப்பின் 'செக்யூரிட்டிப்ரோட்டோகால்' மதிப்பை 'டிஎல்எஸ்12' ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கேலரியிலிருந்து இறக்க உதவும் நூகெட் புரவைடர் 2.8.5.201 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கேட்டால் அதற்குச் சம்மதிக்கலாம்.

நிறுவியாயிற்று, ஆனால் ஏற்றும்போது ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை என்கிறதா? விண்டோஸ் டெஸ்க்டாப்பில் எக்ஸிக்யூஷன் பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்ற அமைப்பு) இயல்பாக 'ரெஸ்ட்ரிக்டட்', அதாவது எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. நம் கணக்குக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' (இணையத்திலிருந்து வந்ததற்கு மட்டும் கையொப்பம் கேட்பது) ஆக்கினால் போதும். இணையத்தில் படித்துவிட்டு, எதையும் தடுக்காத 'பைபாஸ்' என்று கணினி முழுவதற்கும் வைப்பது, பூட்டு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம்.

'-ஃபோர்ஸ்' விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். கேலரி இயல்பாகவே நம்பகமற்றது என்று குறிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் நிறுவும்போது 'நிறுவலாமா?' என்ற கேள்வி வருகிறது. வெறும் என்டர் தட்டினால் 'இல்லை' என்றே பொருள். '-ஃபோர்ஸ்' போட்டால் அந்தக் கேள்வியே வராது. கேள்வி வருவதற்கு நியாயமான காரணம் உண்டு: கேலரியில் யார் வேண்டுமானாலும் மாட்யூல் ஏற்றலாம். ஆத்தர் என்ற இடத்தில் எந்தப் பெயரையும் எழுதலாம். பிரபல மாட்யூலின் பெயரில் ஒரு புள்ளியை மட்டும் மாற்றிப் போலியை ஏற்ற முடியும் என்று 2023 ஆகஸ்டில் அக்வா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கேலரிப் பக்கத்தில் ஆத்தரை விட்டுவிட்டு ஓனர்ஸ் பகுதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 'சேவ்-மாட்யூல்' கொண்டு ஒரு தனிக் கோப்புறையில் இறக்கி, அதிலுள்ள 'பிஎஸ்எம்1' கோப்பை (மாட்யூலின் நிரல் இருக்கும் கோப்பு) படித்துப் பாருங்கள். மாட்யூல் ஏறும்போதே அதன் மேல்மட்ட வரிகள் நம் உரிமையோடு ஓடிவிடும். பவர்ஷெல் 3.0 முதல், மாட்யூலிலுள்ள ஒரு கட்டளையை அடித்தாலே அது தானாக ஏறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுப்பிக்கும்போது ஒரு விஷயம். 'அப்டேட்-மாட்யூல்' பழைய பதிப்பை அழிக்காது, பக்கத்திலேயே புதியதை வைக்கும். பதிப்பு எதுவும் சொல்லாமல் ஏற்றினால் இருப்பதில் உயர்ந்த பதிப்பு வரும். உற்பத்திச் சூழலில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இது ஆபத்து. அங்கே 'இம்போர்ட்-மாட்யூல்' வரியில் '-ரிக்வயர்டுவெர்ஷன்' போட்டு, சோதித்துப் பார்த்த பதிப்பையே கட்டிவையுங்கள். மாட்யூலோடு ஒருமுறை ஏறிய டிஎல்எல் (நிரல் நூலகக் கோப்பு) அந்த அமர்வு முடியும் வரை இறங்காது. புதுப்பிக்கும்போதோ நீக்கும்போதோ மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொன்னால், எல்லா பவர்ஷெல் சாளரங்களையும், நிரல் எழுதும் விஎஸ் கோடு திறந்திருந்தால் அதையும் மூடிவிட்டு, '-நோப்ரொஃபைல்' சேர்த்து (நம் தொடக்க ஸ்கிரிப்ட் ஓடாமல்) புதிய சாளரம் திறந்து செய்யுங்கள்.

இணையமே இல்லாத சர்வருக்கும் 'சேவ்-மாட்யூல்'தான் வழி. சார்ந்திருக்கும் மாட்யூல்களையும் அதுவே இறக்கிவிடும். கேலரிப் பக்கத்திலிருந்து கையால் இறக்கினால் அவை வராது. மாட்யூல் பெயர், அதற்குள் பதிப்பு எண், அதற்குள் கோப்புகள் என்ற அடுக்கை அப்படியே நகலெடுங்கள். மேல் கோப்புறையின் பெயரும், மாட்யூலின் விவரங்கள் இருக்கும் 'பிஎஸ்டி1' கோப்பின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பவர்ஷெல் அதைத் தேடிக் கண்டுபிடிக்காது. உலாவி வழியாக ஜிப்பாக வந்திருந்தால், பிரிப்பதற்கு முன் இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தை நீக்கும் 'அன்பிளாக்-ஃபைல்' கட்டளையை ஜிப்பின் மேலேயே ஓட்டிவிடுங்கள். பிரித்த பிறகு என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஓட்ட வேண்டியிருக்கும்.