போன்ல ஓடுற வீடியோ எடிட்டிங்ல மட்டும் ஏன் திக்குது?

கல்யாண வீடியோ எடுக்கற ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன்ல எடுத்த 4கே வீடியோ அதே போன்ல வழுக்கிட்டு ஓடுது, லேப்டாப்ல எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டா திக்கித் திக்கி நிக்குது, புது லேப்டாப் வாங்கணுமா சார்னு. முதல்ல வாங்காதீங்க, ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்.

4கே வீடியோல ஒரு ஃபிரேம்ல, அதாவது ஒரு தனிப் படத்துல, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி இருக்கு. அப்படியே எழுதி வச்சா ஒரு ஃபிரேமுக்கு 25 எம்பி, செகண்டுக்கு 30 ஃபிரேம்னா நிமிஷத்துக்கு 45 ஜிபி. ஆனா ஐபோன்ல எச்.264ங்கற வீடியோ சுருக்கற முறைல எடுத்தா ஒரு நிமிஷம் 350 எம்பி அளவுதான் வருது. இப்படிச் சுருக்க ரெண்டு வேலை நடக்குது. ஒன்னு, ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கண்ணு கவனிக்காத நுணுக்கத்தத் தூக்கிடறது. இதுக்கு வேர் டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்ங்கற கணக்கு. நசீர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ் மூணு பேரும் 1974ல வெளியிட்டாங்க. பெங்களூர்ல படிச்சுட்டு அமெரிக்கா போன அகமது, 1972லயே இதுக்கு நிதி கேட்டு அங்க இருக்கற தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார், கிடைக்கல. ஐடியா ரொம்ப எளிமையா இருக்குன்னு ஒரு மதிப்பீட்டாளர் சொன்னதா அவரே பின்னாடி எழுதியிருக்கார். இன்னிக்கு ஜேபெக் படத்துலேர்ந்து நாம பாக்கற வீடியோ வரைக்கும் அந்தக் கணக்கு மேலயும் அதோட வாரிசுங்க மேலயும்தான் நிக்குது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கறவங்க இது உடனே எதுக்கு ஆகும்னு மட்டும் பாக்கக்கூடாது, நம்ம பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ரெண்டாவது வேலைதான் நம்மள திக்க வைக்கறது. எல்லா ஃபிரேமையும் முழுசா எழுதாம, எப்பவாவது ஒன்ன முழுசா எழுதிட்டு நடுவுல வர்றதுக்கெல்லாம் என்ன மாறுச்சுன்னு மட்டும் குறிச்சு வைக்கறது. மளிகைக்கடை பற்று நோட்டு மாதிரிதான், பதினாலாம் தேதி பாக்கி எவ்வளவுன்னு தெரியணும்னா பக்கத்தோட மேலேர்ந்து கூட்டிட்டு வரணும். சில ஃபிரேம் முன்னாடி உள்ளதையும் பின்னாடி உள்ளதையும் சேர்த்துப் பாத்துத்தான் உருவாகும். நேரா ஓட்டறதுக்கு இதுல சிரமமே இல்ல, போன்ல அதுக்குன்னே தனி சர்க்யூட் வேற இருக்கு. ஆனா எடிட்டர் நேரா ஓட்டறதே இல்லயே, அங்க குதிக்கறார், இங்க குதிக்கறார், ரிவர்ஸ்ல போறார், நாலு கேமராவ ஒன்னா வச்சுப் பாக்கறார், ஒவ்வொரு குதிப்புக்கும் சாஃப்ட்வேர் கடைசி முழு ஃபிரேமுக்குப் பின்னாடி போய் மறுபடி கூட்டிட்டு வரணும்.

பழைய கேம்கார்டர்ல போட்ட மினிடிவி (MiniDV) டேப் காலத்துல இந்தத் தொல்லை இல்ல, அதுல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. 2008ல கேனான் 5டி மார்க் 2 வந்து ஃபோட்டோ கேமராவுல எச்.264 வீடியோ எடுக்க ஆரம்பிச்சாங்க, சின்ன ஸ்டூடியோக்காரங்க கைக்கும் சினிமா மாதிரியான படம் வந்துச்சு, எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்குத்தான் மூச்சு முட்டுச்சு. ஆப்பிளோட எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைனல் கட் 7ல வேலை செய்யணும்னா பெரும்பாலும் எல்லாத்தையும் முதல்ல புரோரெஸ்ஸுக்கு மாத்தணும், ஒவ்வொரு ஃபிரேமும் முழுசா இருக்கற ஃபார்மேட் அது, வேகமா ஓடும், ஆனா டிஸ்க்க முழுங்கும். 2010ல அடோபி, தன்னோட எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர் சிஎஸ்5ஐ நிறைய மெமரிய பயன்படுத்தற 64 பிட்டுக்கு மாத்தி, கிராஃபிக்ஸ் கார்டையும் வேலைக்கு இழுத்து, கேமரா ஃபைல அப்படியே போடுங்கன்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் ஆப்பிள் ஃபைனல் கட் எக்ஸ்னு முழுசா புதுசா எழுதிக் கொடுத்தப்போ பழைய ப்ராஜெக்ட்ட திறக்க முடியல, பல கேமராவ ஒன்னா வச்சு வெட்டற மல்டிகேம் இல்ல, எடிட்டர்ங்க கொதிச்சுட்டாங்க, நியாயமான கோபம்தான். மல்டிகேம் 2012 ஜனவரிலதான் திரும்ப வந்துச்சு. 2019ல வந்து ஆஸ்கர் வாங்கின கொரியப் படம் பாரசைட்டயும் அந்தப் பழைய ஃபைனல் கட் 7லதான் எடிட் பண்ணாங்க, பழகின கைய விட்டு மாறறது அவ்வளவு கஷ்டம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் ஒன்னு இருக்கு. டைம்லைன்ல, அதாவது துண்டுகள வரிசையா அடுக்கற பட்டையில, நாம கட் பண்றோமே, உண்மையில எதுவுமே வெட்டுப்படல. உள்ள இருக்கறது வெறும் ஒரு பட்டியல்தான், எந்த ஃபைல், எந்த டைம்கோட்ல (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர நம்பர்) ஆரம்பம், எதுல முடிவு, டைம்லைன்ல எந்த இடம். 1970கள்ல டேப் எடிட்டிங்க்கு எழுதின பட்டியலோட அதே எலும்பு இது. ஃபைல் பேர் வெறும் ஒரு விலாசம்தானே, அப்போ அந்த விலாசத்துல வேற ஒன்ன உக்கார வைக்கலாம்! அதான் ப்ராக்ஸி. 4கே ஃபைலுக்குப் பதிலா சின்ன சைஸ்ல, ஒவ்வொரு ஃபிரேமும் முழுசா இருக்கற ஒரு நகல், அதே டைம்கோட், அதே நீளம். நீங்க நகல்ல வெட்டறீங்க, பட்டியல்ல எழுதற நம்பர் ஒரிஜினலுக்கும் அப்படியே பொருந்தும், கடைசில விலாசத்த மாத்தினா போதும், ஒரு ஃபிரேம் கூட நகராது. 2023ல பிரீமியர்ல பேச்ச எழுத்தா மாத்தி, வார்த்தைய டெலீட் பண்ணா வீடியோவும் போயிடற வசதி வந்துச்சே, அதுவும் இதே பட்டியல்தான், ஒவ்வொரு வார்த்தை பக்கத்துலயும் ஒரு டைம்கோட் ஒட்டியிருக்கு அவ்வளவுதான். இத முதல்ல புரிஞ்சுக்கிட்டப்போ எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையல.

ஆக உங்க லேப்டாப் போதும். இலவசமா கிடைக்கற டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்லயே ப்ராக்ஸி இருக்கு, ராத்திரி உருவாக விட்டுட்டு தூங்குங்க, காலைல வேலைய ஆரம்பிங்க. கேமராவுல 10 பிட் 4:2:2ல, அதாவது நிற விவரம் அதிகமா இருக்கற வகைல, எடுக்கறவங்களுக்கு இது இன்னும் அவசியம், ஏன்னா நிறைய கிராஃபிக்ஸ் கார்டு எச்.264ல அந்த வகைய சர்க்யூட்ல பிரிக்காது, பாரம் முழுக்க பிராசசர் தலைலதான் விழும். எக்ஸ்போர்ட் பண்றப்போ பிரீமியர் தானாவே ஒரிஜினல எடுத்துக்கும், ஃபைனல் கட்ல மட்டும் வியூவ ப்ராக்ஸிலேர்ந்து ஒரிஜினலுக்கு மாத்திட்டு கொடுங்க, இல்லன்னா நகல்லேர்ந்தே படம் வெளிய வந்துடும், ரிசால்வ்லயும் எக்ஸ்போர்ட் பண்ற 'டெலிவர்' பக்கத்துல ப்ராக்ஸி டிக் ஆகியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.