வால்வை மாற்றியும் போகாத கரகரப்பு

"பழைய வால்வு ப்ரீஆம்ப் ஒன்றைச் சீர்செய்கிறேன். வால்வுகளை எல்லாம் புதிதாகப் போட்டும் பாட்டு கரகரக்கிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ப்ரீஆம்ப் என்பது மெல்லிய ஒலி மின்னலையை முதலில் பெருக்கும் கருவி; அதில் பெருக்கும் வேலையைச் செய்யும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. ஒளிர்ந்துகொண்டு கண்ணெதிரே நிற்பதால் வால்வின் மேல்தான் முதலில் பழி விழும். என் சந்தேகம், இரண்டு வால்வுகளுக்கு நடுவே கிடக்கும் மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர் மேல்.

வால்வின் வேலை தெரிந்ததுதான். கேத்தோடு என்ற சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட் என்ற தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் உள்ள கிரிட் என்ற கம்பி வலை, கேத்தோடைவிடச் சற்றே எதிர்மின் அழுத்தத்தில் நின்று அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. ப்ரீஆம்ப்களில் பரவலாகக் காணப்படும் 12ஏஎக்ஸ்7 என்ற வகை வால்வில் இந்த 'சற்றே' என்பது பெரும்பாலும் 1 முதல் 2 வோல்ட்தான்.

சரி, கெபாசிட்டருக்கு வருவோம். முதல் வால்வின் பிளேட்டில் 150 வோல்ட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இசை சிறு அலையாக ஏறி இறங்குகிறது. அலையை மட்டும் அடுத்த கிரிட்டுக்கு விட்டுவிட்டு, 150 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த வேண்டியது இந்தக் கெபாசிட்டர். வருடங்கள் போகப் போக மெழுகில் விரிசல் விழும், காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மின்காப்பு தளரும். தளர்ந்து தளர்ந்து 150 மெகாஓம் வரை இறங்கினாலே வம்புதான்! அப்போது கசிவது வெறும் 1 மைக்ரோஆம்பியர். ஆனால் அது கிரிட்டைச் சேஸிஸோடு (கருவியின் உலோகச் சட்டத்தோடு) இணைக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியே போகும்போது, கிரிட் 1 வோல்ட் மேலேறிவிடுகிறது. இருந்ததே ஒன்றரை வோல்ட் இடைவெளி, அது சுருங்கிப்போகிறது. இசை அலையின் மேடு வரும்போதெல்லாம் கிரிட் நேர்மின் பக்கம் சாய்ந்து, தானே எலக்ட்ரான்களை இழுக்கத் தொடங்குகிறது. அலையின் உச்சி நசுங்குகிறது. கரகரப்பு பிறப்பது அங்கேதான்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் இந்தக் கசிவு சிக்காது. அவ்வளவு பெரிய மின்தடையைப் பல மீட்டர்கள் காட்டுவதில்லை. அதைவிட நல்ல வழி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டாவது வால்வைக் கழற்றி, மறுபடி இயக்கி, அதன் கிரிட் முனையில் வோல்ட் அளப்பது. வால்வே இல்லாத சாக்கெட்டில் நேர் வோல்ட் தெரிந்தால் குற்றவாளி கெபாசிட்டர்தான். அளக்கும்போது கை எதிலும் படக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தேங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே தொடுங்கள்.

மாற்றாக அதே மதிப்புள்ள, அதே வோல்ட்டையோ அதற்கு மேலோ தாங்கும் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் போதும். வெள்ளித்தகடு வைத்தது, இசைக்கென்றே செய்தது என்று பல மடங்கு விலைக்கு விற்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். எது எதுவென்று தெரியாமல் கேட்டு, வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லிக் காட்டட்டும், அப்புறம் நம்பலாம். அந்தப் பணத்தில் பவர் சப்ளையில் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுங்கள். பின்னணி இரைச்சல் குறைவதைக் காதே சொல்லும்.