நிறம் சொல்லாததைக் கால் சொல்லும்

ஐப்பசி மழை தொடங்கியது முதல் தை கழியும்வரை, காட்பாடியில் உள்ள என் கால்நடை கிளினிக்குக்கு நாய், ஆடுகளோடு அட்டைப்பெட்டிகளும் வரும். பெட்டியைத் திறக்கும் முன்பே கொண்டுவந்தவர் பெயர் வைத்துவிடுவார். "கழுகுக் குஞ்சு சார்." "ஃபாரின் கிளி சார்." பெயர் தப்பானால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். பெயர் தப்பினால் தீனி தப்பும். காயத்திலிருந்து பிழைத்த பறவையும் பட்டினியில் போய்விடும்.

அந்த ஃபாரின் கிளி பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாக இருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே இலங்கை வரை வருகிற பறவை. இரவில் பறந்து களைத்து, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, வராந்தாவிலோ மாடிப்படியிலோ விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு. பார்த்தவுடன் கிளி என்றோ மீன்கொத்தி என்றோ தோன்றுவதில் தப்பில்லை. கூண்டில் போட்டுக் கொய்யாவும் நெல்லும் வைப்பார்கள். அது சீண்டாது. தரையில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் பறவை அது. நிறத்தை மறந்துவிட்டுக் காலைப் பாருங்கள். நடந்து திரிவதற்கான நீண்ட, உறுதியான கால். மீன்கொத்திக்குக் கால் இருக்கிற இடமே தெரியாது. கிளிக்கோ விரல்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

கழுகுக் குஞ்சு கதை இன்னும் வேடிக்கை. காக்கைகள் துரத்திக் கொத்திப் போட்ட சாம்பல் நிறப் பறவை. மார்பிலும் வாலிலும் பட்டைகள், மஞ்சள் வளையமிட்ட கண். அசல் வல்லூறு போலவே இருக்கும். காக்கைகளும் அப்படித்தான் ஏமாறுகின்றன, அதனால்தான் துரத்துகின்றன. கொண்டுவருகிறவர் அதற்குள் கோழிக்கறித் துண்டைத் திணித்திருப்பார். ஆனால் வல்லூறின் கொக்கி அலகு இதற்கு இல்லை; இரையைக் குத்திப் பிடிக்கும் நகமும் இல்லை; விரல்கள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். அக்காக்குயில்! கம்பளிப்பூச்சி தின்கிற ஜீவனுக்குக் கோழிக்கறி விருந்து.

"கால் ஒடிந்த தகைவிலான்" என்று வருவது உழவாரன். கால் ஒடியவில்லை, அதன் காலே அவ்வளவுதான். சுவரையும் பனையோலையையும் பற்றித் தொங்குவதற்கு மட்டும் ஆன கால். தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக உட்காரும், உழவாரன் உட்காரவே உட்காராது. காயம் இல்லாத உழவாரனை வெட்டவெளியில் திறந்த உள்ளங்கையில் வைத்து உயர்த்திப் பிடித்தால் பல சமயம் தானே பறந்துவிடும். தூக்கி மட்டும் எறியாதீர்கள்.

பொங்கலையொட்டி மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட பருந்துகள் வரும். இளம் செம்பருந்து பழுப்பாகத்தான் இருக்கும், கரும்பருந்தோடு குழப்பும். வால் நுனி பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து. இங்கே பெயர் மாறினாலும் நோயாளிக்கு நஷ்டமில்லை, தையல் ஒன்றுதான்.

எந்தப் பறவையானாலும் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் அதில் இறங்கிவிடும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, இருட்டு, அமைதி. இது போதும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏரிக்கரையில் ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கையில் இருக்கும் பறவைக்கே இந்தப் பாடு என்றால், ஏரியில் தூரத்தில் நிற்பதைச் சொல்லவே வேண்டாம். கழிஞ்சூர் ஏரிக்கும் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் குளிர்காலத்தில் வரும் உள்ளான்களிடம், அந்தச் சின்ன நீர்க்கரைப் பறவைகளிடம், கோடைக்கால நிறம் இருப்பதில்லை. எல்லாம் ஒரே மண்நிறம். வயல் உள்ளானுக்கு முதுகில் வெள்ளைப் பொட்டுகள், மஞ்சளோடிய நீண்ட கால். சாதாரண உள்ளானுக்குப் பொட்டில்லாத முதுகு; மார்பின் வெள்ளை, மடக்கிய இறக்கைக்கு முன்னால் மேலேறி நிற்கும்; பின்பக்கம் ஓயாமல் ஆடும். தூரத்தில் எனக்கு முதலில் உதவுவது அந்த ஆட்டம்தான்.

ஆனால் காலையும் கண்மூடி நம்ப முடியாது. சின்னக் கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்று புத்தகம் சொல்லும். பாலாற்றுப் படுகையில் சாக்கடை தேங்கிய குட்டையில் நிற்கும் கொக்குக்குப் பாதமும் கறுப்புத்தான். அப்போது அலகைப் பார்க்க வேண்டும்: சின்னக் கொக்குக்குக் கறுப்பு, குளிர்காலத்தில் உண்ணிக்கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் மஞ்சள்.

போன் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரையும் நான் யோசனையாகவே எடுத்துக்கொள்கிறேன். மங்கலான படத்துக்கும் அது தயங்காமல் ஒரு பெயர் நீட்டும். இந்த மாதத்தில், இந்த மாதிரி இடத்தில் அந்தப் பறவை இருக்க வாய்ப்புண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2015 முதல் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் புதியவர்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். பட்டியலை நிரப்பும் அவசரத்தில் தோன்றிய பெயரைப் போட்டுவிடாதீர்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் இனம் தெரியாத உள்ளான் என்றே பதியவும் இடமிருக்கிறது. நான் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.