புரோக்கர் – தரகர்

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று பேரத்தை முடித்துக் கொடுத்து, அதற்குக் கூலி பெறுபவர் புரோக்கர். தமிழில் தரகர்; அவர் பெறும் கூலி தரகு. மாடு, நிலம், பங்கு எதுவானாலும் இந்தச் சொல்லே போதும். நாளிதழ்களில் வரும் 'இடைத்தரகர்' கூறியது கூறல்தான்.

ஆங்கிலத்துக்கு இது நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்தது. பீப்பாயைத் துளையிட்டு மது விற்றவரைக் குறித்த சொல் என்கின்றன பல அகராதிகள். பிறர் சார்பில் பேரம் பேசுபவர் என்ற பொருள் அப்புறம் வந்தது.

சரி, இந்தப் பழைய சொல்லுக்கு இப்போது என்ன அவசரம்? கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர்களின் அந்தரங்கம் இதன் பொருளைப் பொறுத்திருக்கிறது. 2021-ல் அமெரிக்காவின் உள்கட்டமைப்புச் சட்டம், கட்டணம் பெற்றுக்கொண்டு மற்றவருக்காக டிஜிட்டல் சொத்தை இடம் மாற்றும் சேவையை வழக்கமாகச் செய்யும் எவரும் புரோக்கர் என்றது. புரோக்கர் என்றால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பரிவர்த்தனை எல்லாவற்றையும் வரித்துறைக்குத் தர வேண்டும். பரிவர்த்தனைகளைக் கணினியில் சரிபார்த்துப் பதியும் பிட்காயின் மைனருக்கு, யார் அனுப்பினார், யார் பெற்றார் என்பதே தெரியாது. கிரிப்டோவை வைத்திருக்கவும் அனுப்பவும் உதவும் வாலட் மென்பொருளை எழுதியவருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் அறியாத ஒருவரைத் தரகர் என்று எந்தச் சந்தையில் சொல்வார்கள்?

இவர்களுக்கு விலக்குக் கேட்டு செனட்டர்கள் வைடன், லம்மிஸ், டூமி திருத்தம் கொண்டுவந்தார்கள். கிரிப்டோ நிறுவனங்களின் லாபி, அதாவது அவற்றுக்காக அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டும் கூட்டம், பின்னால் நின்றது. ஆகஸ்டில் ஒரு சமரசத் திருத்தமும் எழுதப்பட்டது. செனட்டில் ஒருவர்கூட மறுக்காவிட்டால்தான் அதை ஏற்க முடியும் என்ற நிலையில், ராணுவத்துக்கு 5,000 கோடி டாலர் சேர்க்கக் கேட்ட செனட்டர் ஷெல்பியால் முட்டுக்கட்டை விழுந்தது. கிரிப்டோவுக்குத் துளியும் தொடர்பில்லாத பேரத்தில் பயனாளரின் பாதுகாப்பு போனது. நவம்பர் 15-ல் பழைய வரையறையோடே சட்டம் கையெழுத்தானது.

அடுத்து லாபியின் பணம் தேர்தலுக்குப் போனது. கிரிப்டோ நிறுவனங்களான காயின்பேஸ், ரிப்பிள், முதலீட்டு நிறுவனமான ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் ஆகியவை முக்கியமாக நிதி தந்த ஃபேர்ஷேக் என்ற தேர்தல் நிதிக் குழு, 2024 தேர்தலில் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், நடுவில் நிறுவனம் இல்லாமல் மென்பொருளே பரிமாற்றத்தை நடத்தும் வர்த்தகத் தளங்களுக்குப் பயனாளர் நுழையும் இணைய முகப்பை நடத்துவோரையும் புரோக்கர் ஆக்கி வரித்துறை விதி வெளியிட்டது. புதிய காங்கிரஸ் அதை ரத்து செய்தது. 2025 ஏப்ரல் 10-ல் டிரம்ப் கையெழுத்திட்டார்.

அந்த விதி போனது நல்லதே. ஆனால் பயனாளர் பிழைத்தது, நிறுவனங்களின் ஆதாயமும் அவருடைய ஆதாயமும் அன்று ஒன்றாக இருந்ததால்தான் என்பது என் எண்ணம். அதே 2021 சட்டத்தின் இன்னொரு பிரிவைப் பாருங்கள். தொழில் வழியில் 10,000 டாலருக்கு மேல் கிரிப்டோ பெறுபவர், அனுப்பியவரின் விவரங்களை 15 நாளில் அரசுக்குத் தர வேண்டும் என்கிறது அது. அதற்கான விதிகள் வரும்வரை அறிக்கை தேவையில்லை என்று மட்டும் 2024 ஜனவரியில் வரித்துறை அறிவித்தது.

தமிழில் எழுதும்போது, பயனாளரின் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கி விற்றுத் தரும் எக்ஸ்சேஞ்சைத் தரகர் என்று தயங்காமல் எழுதலாம். மைனரையும் வாலட் எழுதுபவரையும் அப்படி எழுதக்கூடாது.