ஜன்னலுக்குப் பின்னால் வீடு இல்லை

இத்தாலியில் ரோம் நகருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, ஒரு குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது சீவிதா தி பாஞோரேஜோ என்ற சின்ன ஊர். கல் வளைவு வாசலைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு பழைய மாளிகையின் முகப்புச் சுவர் நிற்கும். கதவு இருக்கிறது, செதுக்கிய ஜன்னல் சட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்குள்ளே நீல வானம்தான் தெரியும். சுவருக்குப் பின்னால் அறைகள் இல்லை, தரையும் இல்லை. மாளிகையின் மீதியெல்லாம் நெடுநாள் முன்பே பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது.

இத்தாலியர்கள் இதைச் ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்கிறார்கள். ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற மக்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய இடம் இது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். பழைய கட்டடங்கள் என்பதால் இடிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. சுவர்கள் நன்றாகவே இருக்கின்றன. அடியில் இருக்கும் நிலம்தான் போய்க்கொண்டிருக்கிறது. அது எப்படிப் போகிறது என்று புரிந்துகொண்டால், இந்தக் குன்று ஏன் இவ்வளவு அழகாக நிற்கிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

குன்றை ஒரு கேக் துண்டுபோல வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அடியில் சாம்பல் நிறக் களிமண். பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தபோது படிந்தது அது. பிறகு நிலம் மேலெழுந்தது, கடல் பின்வாங்கியது. அப்புறம் மேற்கே, இப்போது பொல்சேனா ஏரி இருக்கும் இடத்தைச் சுற்றி எரிமலைகள் வெடித்தன. அவை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் களிமண்மேல் அடுக்கடுக்காக விழுந்து மூடின. கடைசியாக, மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வந்த பெரிய வெடிப்பின் சூடான சாம்பல் இறுகிக் கெட்டிப் பாறையானது. டஃப் என்று சொல்லப்படும் இந்தச் சாம்பல் பாறையின் மேல்தான் ஊர் நிற்கிறது. சுருக்கமாகச் சொன்னால், கெட்டியான பலகையை மெத்தென்ற மேட்டின்மேல் வைத்த மாதிரி.

இனி களிமண்ணுக்கு வருவோம், கதையே அதில்தான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த களிமண் கட்டி ஒன்றைக் கண்ணாடி தம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். முதலில் குமிழ் குமிழாகக் காற்று வரும். பிறகு ஓரங்கள் உதிரும். சில நிமிடங்களில் கட்டி தானாகவே பொலபொலவென்று சரிந்து அடியில் குவிந்துவிடும். யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் நுண்துளைகளுக்குள் வேகமாக நுழையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்கப்பட்டு, கட்டியை உள்ளிருந்தே பிளக்கிறது. சீவிதாவின் களிமண்ணுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கடலில் படிந்த மண் என்பதால் அதில் சோடியம் தங்கியிருக்கிறது. சோடியம் ஒட்டிய களிமண் துகள்கள் மழைநீர் பட்டதும் ஒன்றையொன்று விலக்கும். மண் கரைந்தது போலாகி நீரோடு ஓடிவிடும்.

இதற்கு ஏற்றாற்போல அமைந்திருக்கிறது மத்தியதரைக் கடல் பகுதியின் வானிலை. கோடை முழுக்க வெயில், மழை குறைவு. வற்றிய குளத்துத் தரை போலக் களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறது. இலையுதிர் காலத்தில் பெருமழை கொட்டும்போது தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியே நேராக உள்ளே இறங்குகிறது. ஆண்டுதோறும் இப்படிக் காய்ந்தும் நனைந்தும் அரித்த சரிவுகள், கத்தி விளிம்பு போன்ற முகடுகளும் ஆழமான வாய்க்கால்களுமாக ஊரைச் சுற்றி நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் இவற்றைக் கலாங்கி என்கிறார்கள். புல்கூட அதில் சரியாகப் பிடிப்பதில்லை.

களிமண் சரிந்தால் மேலிருக்கும் பாறைக்கு என்ன ஆகிறது? பாறை அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அடியிலும் பக்கவாட்டிலும் இருந்த பிடிப்பு போனதும், பாறையின் ஓரம் தன் பாரத்தாலேயே வெளிப்பக்கமாகச் சாய்கிறது. விளிம்புக்கு இணையாக, மேலிருந்து கீழாக விரிசல் விழுகிறது. சூடான சாம்பல் குளிர்ந்தபோதே உண்டான பழைய வெடிப்புகள் அந்த விரிசலுக்கு வழி காட்டுகின்றன. மழைநீர் அவற்றில் இறங்கி மேலும் தள்ளுகிறது. ஒருநாள் ஒரு பெரிய துண்டு, அதன்மேல் இருக்கும் வீட்டோடு சேர்ந்து பெயர்ந்து விழுகிறது. விழுந்த இடத்தில் புதிதாக ஒரு செங்குத்துச் சுவர் தெரிகிறது. அடுத்த விரிசல் அதற்குப் பின்னால் தொடங்குகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது அந்தச் செங்குத்துச் சுவர்தான். எதிரி ஏற முடியாது என்று நம்பித்தான் எட்ருஸ்கர்கள் இங்கே வந்தார்கள். அந்தப் பாதுகாப்பைச் செய்து கொடுத்ததே இந்தச் சரிவுதான். டஃப் பாறை குடைவதற்கும் எளிது. வீடுகளுக்கு அடியில் திராட்சை மது வைக்கும் நிலவறைகளைக் குடைந்தார்கள். வெட்டியெடுத்த கல்லிலேயே மேலே வீடு கட்டினார்கள். விளிம்பு நெருங்கி வந்தபோது அந்த நிலவறைகளே பாறையை இன்னும் பலவீனமாக்கின.

1695இல் ஒரு நிலநடுக்கம் வந்தது. அதன்பின் ஆயரும் ஊராட்சியும் பக்கத்து பாஞோரேஜோவுக்கு இடம் மாறினார்கள். மக்களும் மெல்ல மெல்லப் போனார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்த கிறிஸ்தவத் துறவி புனித பொனவெந்தூரின் வீடு நின்ற இடமும் இப்போது இல்லை. இந்த ஊரையும் பாஞோரேஜோவையும் இணைத்த மண்முகடு அரித்துப்போனதால், 1965இல் கட்டிய நீண்ட கான்கிரீட் நடைபாலம் ஒன்றே வழி. கார் போகாது. வேடிக்கை பார்க்க ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள், 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு.

தடுப்பு வேலைகளும் நடக்கின்றன. பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி விளிம்பைப் பின்னால் பிடித்துக் கட்டுகிறார்கள். மழைநீரை விரிசலுக்குள் விடாமல் திருப்பி விடுகிறார்கள். ஆனால் மேலே கம்பி போடுவதைவிட முக்கியம் கீழே ஓடும் நீரின் வேகத்தைக் குறைப்பது என்பது என் கருத்து. அடிவாரம் தொடர்ந்து அறுபட்டால் மேலே என்ன கட்டினாலும் பயனில்லை. குன்றின் இரு பக்கமும் இரண்டு ஓடைகள் போகின்றன. ஒன்றின் பெயர் ரியோ கியாரோ, தெளிந்த ஓடை. மற்றது ரியோ தோர்பிதோ, கலங்கிய ஓடை. மழை விட்ட மறுநாள் அங்கே போக நேர்ந்தால் பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்று, கீழே கலாங்கியின் வாய்க்கால்களில் வடியும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருக்கும்.